விமானம் வருகிறது, பராக்!

சமையற்கட்டில் தினமும் வெந்நீர் போடுகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு ஒரு கணக்கு. எட்டு பைண்டு தண்ணீர் இருக்கிறது. நம் அளவில் சுமார் நாலரை லிட்டர். ஏற்கெனவே வெதுவெதுப்பாக, 98 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணத்தில் இருக்கிறது. அதை 105 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் அடுப்பு இங்கே. பாத்திரமோ ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கிலோமீட்டர் உயரத்தில், அந்தரத்தில் தொங்குகிறது! விறகு கூடாது, காஸ் கூடாது. ரேடியோ அலைகளாலேயே சூடாக்க வேண்டும். எவ்வளவு சக்தி செலவாகும்?

"இது என்ன பைத்தியக்காரக் கணக்கு!" என்கிறீர்களா? 1935-ம் வருஷத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் வாட்ஸன் வாட் என்ற விஞ்ஞானி, தம் உதவியாளர் அர்னால்டு வில்கின்ஸிடம் இந்தக் கணக்கைத்தான் கொடுத்தார். வில்கின்ஸ் கெட்டிக்காரர். எட்டு பைண்டு என்ற அளவையும் 98 டிகிரி என்ற உஷ்ணத்தையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். மனித உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய அந்த அளவு. 98 என்பது சாதாரண உடல் உஷ்ணம். 105 என்பது கடுங்காய்ச்சல். ஆகாயத்தில் பறந்து வரும் எதிரி விமானியை, தரையில் இருந்தபடியே காய்ச்சலில் தள்ளிச் சுருட்டிவிட முடியுமா? இதுதான் கேள்வி!

அந்த விசித்திரமான கேள்வியிலிருந்து ஒரு தேசத்தைக் காப்பாற்றிய கருவி பிறந்தது. அந்தக் கருவியைவிடப் பெரியது ஒன்றும் பிறந்தது. அது என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சாவுக் கதிர்

அந்த நாளில் ஐரோப்பா முழுவதும் ஒரே பயம், குண்டு விமானத்தைப் பற்றிய பயம். எவ்வளவு காவல் போட்டாலும் குண்டு விமானம் எப்படியாவது உள்ளே புகுந்துவிடும் என்று 1932-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஸ்டான்லி பால்ட்வினே சொல்லிவிட்டார். நாட்டை ஆளுகிறவர்களே இப்படிச் சொன்னால் சாமானிய ஜனங்கள் ராத்திரி எப்படித் தூங்குவார்கள்?

எனவே, "சாவுக் கதிர்" ஒன்று கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கிளம்பியவர்களுக்கும் குறைவில்லை. நூறு கஜ தூரத்தில் நிற்கும் ஓர் ஆட்டைக் கதிரால் கொன்று காட்டுகிறவருக்கு ஆயிரம் பவுன் பரிசு என்று விமான இலாகா சொல்லி வைத்திருந்ததாகக் கதை உண்டு. பரிசை யாரும் வாங்கவில்லை. ஆடுகள் பிழைத்தன!

வில்கின்ஸ் கணக்குப் போட்டார். "நடக்காது" என்று விடை வந்தது. அவ்வளவு சக்தியை உண்டாக்கும் யந்திரம் உலகத்தில் எங்குமே இல்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. தபால் இலாகா எஞ்சினியர்கள் முன்னொரு சமயம் கவனித்திருந்த ஒரு சின்ன விஷயத்தை ஞாபகப்படுத்தினார். விமானம் ஒன்று பக்கத்தில் பறந்தால் ரேடியோ ஒலி நடுங்குகிறதாம். அப்படியானால் விமானத்தின் மீது பட்ட அலை திரும்பி வருகிறது என்றுதானே அர்த்தம்? விமானத்தை ரேடியோவால் கொல்ல முடியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமே!

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி வருகிறதல்லவா? அதே தத்துவந்தான். ரேடியோ அலை விநாடிக்கு 1,86,000 மைல் ஓடுகிறது. 93 மைல் தொலைவில் வரும் விமானத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப அதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்துவிட்டால் தூரம் தெரிந்துவிடும். பிற்காலத்தில் இதற்கு "ராடார்" என்று பெயர் வந்தது.

அப்போது விமான இலாகாவில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர் ஹியூ டவுடிங். சிடுமூஞ்சி, அதிகம் பேச மாட்டார். மனைவியை இழந்தவர், சகோதரி ஹில்டாதான் வீட்டைக் கவனித்துக் கொண்டார். காகிதத்தில் போட்ட கணக்கை நம்பிப் பணம் தர அவர் தயாராக இல்லை. கண்ணால் காட்டச் சொன்னார்.

1935 பிப்ரவரி 26-ந் தேதி, டாவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே ஒரு வயல்வெளியில் ஒரு மோட்டார் வண்டி நின்றது. வண்டிக்குள் ஒரு சிறு கண்ணாடித் திரை. அதில் ஒளிக்கோடு ஒன்று. பி.பி.சி.யின் ஒலிபரப்பு அலையில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு ஹேஃபோர்டு குண்டு விமானம் பறந்தது. விமானம் நெருங்க நெருங்க அந்த ஒளிக்கோடு துள்ளியது. எட்டு மைல் தூரம் வரையில் விமானம் இருப்பது தெரிந்தது. டவுடிங் பணத்துக்குச் சம்மதித்தார்.

அதுவரை இங்கிலாந்து நம்பியிருந்தது காதை! கென்ட் மாகாணத்துக் கடற்கரையில் டெஞ்ச் என்ற இடத்தில், 200 அடி நீளத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு வளைந்த சுவர் கட்டி, அதில் மோதி வரும் எஞ்சின் சத்தத்தை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பறக்கும் பழைய விமானங்களுக்கு அது போதும். விமானங்களின் வேகம் ஏறியதும், சத்தம் காதில் விழுகிறபோதே விமானம் தலைக்கு மேல் வந்து நின்றது. அந்தச் சுவர் இன்றும் அங்கே நிற்கிறது.

பார்த்தால் மட்டும் போதுமா?

1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியபோது இங்கிலாந்தின் கிழக்கு, தெற்குக் கரையோரங்களில் சுமார் இருபது ராடார் ஸ்டேஷன்கள் எழும்பியிருந்தன. அலையை அனுப்ப 360 அடி உயர இரும்புக் கோபுரங்கள். எதிரொலியைப் பிடிக்க 240 அடி உயர மரக் கோபுரங்கள்.

ஜெர்மானியரிடம் ராடார் இல்லையா? பேஷாக இருந்தது! அவர்களுடைய "ஃப்ரெயா" ராடார் சில விதங்களில் பிரிட்டிஷாருடையதைவிட நுட்பமானது. பிரிட்டிஷ் கருவி சற்று முரட்டுக் கருவிதான். எத்தனை விமானம், எவ்வளவு உயரம் என்றெல்லாம் திட்டமாகச் சொல்லாது. கடல் பக்கம் மட்டுந்தான் பார்க்கும். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் குருடு.

பிறகு என்னதான் வித்தியாசம்? இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டும். டவுடிங் 1936-ல் போர் விமானப் படைக்குத் தலைவரானார். பார்ப்பது ஒரு காரியம், பார்த்ததைச் சொல்வது இன்னொரு காரியம், சொன்னதைச் சல்லடையில் சலிப்பது மூன்றாவது காரியம், சலித்ததை வைத்து உடனே செயல்படுவது நாலாவது காரியம் என்பதை அவர் தெரிந்துகொண்டிருந்தார். இந்த நாலையும் டெலிபோன் கம்பியால் ஒன்றாகக் கோத்தார். அதுதான் அவருடைய பெரிய சாதனை.

கரையோர ஸ்டேஷனில் திரைக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒளிக்கோட்டில் ஒரு வெட்டுத் தெரிந்ததும், இத்தனை மைல், இந்தத் திசை என்று டெலிபோனில் சொல்வாள். செய்தி லண்டனுக்கு வடக்கே பென்ட்லி பிரையரி என்ற மாளிகைக்குப் போகும். அங்கே ஓர் அறைக்குப் பெயரே "வடிகட்டும் அறை"! பெயர் பொருத்தந்தான். கல்யாண வீட்டில் ஒரே சமாசாரம் நாலு பேர் வாயில் நாலு விதமாக வருகிறதல்லவா? ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு ஸ்டேஷன்கள் பார்த்து இரண்டு கூட்டமாகச் சொல்லும். ஒன்று இருபது என்கும். மற்றொன்று நாற்பது என்கும். நம்முடைய விமானமே எதிரி விமானம் மாதிரித் தெரியும். எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்து, ஒரே செய்தியாக்கி, அதைத்தான் மேலே அனுப்புவார்கள்.

விமானங்கள் கரையைத் தாண்டியபின் தொலைநோக்கியும் கையுமாகக் காத்திருந்த பார்வையாளர் படை கணக்கை எடுத்துக்கொள்ளும். ஆயிரம் காவல் சாவடிகளில் சுமார் 30,000 பேர். பெரும்பாலோர் தாங்களாக முன்வந்த ஊர்க்காரர்கள்.

இத்தனை செய்தியும் வந்து சேரும் இடம், ஒரு பெரிய மேஜை. அதன்மேல் தென் இங்கிலாந்தின் படம் விரித்திருக்கும். சுற்றிலும் பெண்கள் துணை விமானப் படையைச் சேர்ந்த இளம் பெண்கள், காதில் டெலிபோன், கையில் நீண்ட கோல். சீட்டாட்ட விடுதியில் காசைத் தள்ளுவது போல, அந்தக் கோலால் எதிரி விமானங்களைக் குறிக்கும் வில்லைகளைப் படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். மேலே மாடத்தில் அமர்ந்திருக்கும் தளபதி, குனிந்து பார்த்தால் போதும்; ஆகாயம் முழுவதும் அவர் காலடியில்!

சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அதன் முகத்தில் ஐந்து ஐந்து நிமிஷப் பகுதிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வர்ணம் பூசியிருந்தது. நிமிஷ முள் எந்த வர்ணத்தில் இருக்கிறதோ அந்த வர்ண வில்லையைத்தான் மேஜையில் வைக்க வேண்டும். ஆகவே எந்தச் செய்தி புதியது, எது பழையது என்பது பார்த்தவுடன் விளங்கும். நேற்றுக் காய்ச்சிய பாலை இன்று கறந்த பாலோடு கலக்காமல் தனியே வைக்கிறோமே, அந்தப் புத்திதான். கெட்டுப்போன பாலைவிடக் கெட்டுப்போன செய்தி அபாயமானது.

இந்த ஏற்பாடு முதல் நாளிலேயே சரியாக ஓடிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். யுத்தம் தொடங்கிய நான்காம் நாள், 1939 செப்டம்பர் 6-ந் தேதி, தவறான எச்சரிக்கை ஒன்று கிளம்பியது. எதிரி என்று நினைத்துப் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்திவிட்டன. ஓர் இளம் விமானி மாண்டார். அந்தத் துயரத்துக்குப் பிறகு, வருவது நம்மவரா, மாற்றாரா என்று பிரித்து அறியும் ஏற்பாடுகளைத் துரிதப்படுத்தினார்கள்.

குண்டு விழுந்தது, டெலிபோன் ஓயவில்லை

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. கடலுக்கு அக்கரையில் ஹிட்லரின் விமானங்கள் வந்து இறங்கின. டோவரில் கால்வாயின் அகலம் 21 மைல். ஒரு குண்டு விமானம் அதைத் தாண்ட ஐந்தாறு நிமிஷம் போதும். ஆனால் தரையில் நிற்கும் போர் விமானக் குழு ஒன்று கிளம்பி, சண்டை போடும் உயரத்துக்கு ஏறிச் சேர ஏறக்குறைய கால் மணி நேரம் வேண்டும். ராடார் இல்லாவிட்டால் இரவு பகலாக ஆகாயத்திலேயே ரோந்து சுற்ற வேண்டியதுதான். அத்தனை விமானமும் இல்லை. அத்தனை விமானிகளும் இல்லை. ராடார் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்!

ஆகஸ்ட் 12-ந் தேதி ஜெர்மானியர் ராடார் ஸ்டேஷன்களையே தாக்கினார்கள். வைட் தீவிலிருந்த வென்ட்னர் ஸ்டேஷன் பல நாட்களுக்குச் செயலற்றுப் போயிற்று. மற்றவை சில மணி நேரத்தில் மறுபடி வேலை செய்தன. கோபுரங்கள் கம்பிச் சட்டங்களாக இருந்ததால், குண்டின் அதிர்ச்சி ஜன்னல் கம்பிக்குள் காற்றுப் புகுந்து போவது போல ஊடே போய்விட்டது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 15-ந் தேதி, இந்தக் கோபுரங்களைத் தாக்குவதில் பிரயோஜனம் இருக்கிறதா என்று ஜெர்மன் விமானப் படைத் தலைவர் கோரிங் சந்தேகப்பட்டார். அதன் பிறகு தாக்குதல் தளர்ந்தது. எதிரியின் கண்ணைக் குத்தத் தொடங்கியவர் பாதியில் கையை எடுத்துக்கொண்டார். கண்ணுக்குப் பின்னால் என்ன மூளை இருக்கிறது என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

பெண்களைக் குண்டு விழும் இடத்தில் வைக்கலாமா, பயந்து அலறிக்கொண்டு ஓடிவிட மாட்டார்களா என்று யுத்தத்துக்கு முன்னால் கேட்டவர்கள் உண்டு. பதில் பிகின் ஹில் என்ற விமான நிலையத்தில் கிடைத்தது.

ஆகஸ்ட் 18-ந் தேதி அங்கே குண்டு மழை. ஆயுதக் கிடங்கில் வெடிமருந்துக் குவியலுக்கு நடுவே இருந்த டெலிபோன் பலகையில் ஸார்ஜண்ட் ஜோன் மார்ட்டிமர் என்ற பெண் இருந்தாள். ஒரு பொறி பட்டால் போதும், எலும்புகூட மிஞ்சாது. அவள் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. காவல் இடங்களுக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். அபாயம் நீங்கிற்று என்ற சங்கு ஊதுமுன்பே சிவப்புக் கொடிகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். வெடிக்காமல் புதைந்து கிடந்த குண்டுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நட்டாள். எதற்கு? திரும்பி வந்து இறங்கும் விமானிகளுக்கு வழி தெரிவதற்காக!

சில நாளில் அதே நிலையத்தில் மறுபடியும் குண்டு. செய்தி அறையே இடிந்தது. ஸார்ஜண்ட் ஹெலன் டர்னரும் கார்ப்பொரல் எல்ஸ்பெத் ஹெண்டர்ஸனும் டெலிபோனை வைக்கவில்லை. கட்டடத்தில் தீப்பிடித்து, "வெளியே போங்கள்" என்று உத்தரவு வந்தபிறகே எழுந்தார்கள். மூவருக்கும் அந்த ஆண்டே ராணுவப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பெண்கள் படையில் 1943-ல் இருந்தவர்களின் தொகை 1,80,000-க்கும் மேல்.

செப்டம்பர் 7-ந் தேதி ஜெர்மானியர் விமான நிலையங்களை விட்டுவிட்டு லண்டன் மீது பாய்ந்தார்கள். லண்டன் எரிந்தது, ஆனால் அடிபட்டுக் கிடந்த விமான நிலையங்களுக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைத்தது.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அக்ஸ்பிரிட்ஜில் பூமிக்கு 60 அடி கீழே இருந்த அறைக்குப் பிரதம மந்திரி சர்ச்சில் தம் மனைவியுடன் வந்தார். மாடத்தில் அமர்ந்து கீழே மேஜையைப் பார்த்தார். வில்லைகள் நெருங்கி வந்துகொண்டே இருந்தன. எதிர்ச் சுவரில் விமானக் குழுக்களின் நிலையைக் காட்டும் விளக்குகள் ஒன்றுவிடாமல் சிவந்தன. அத்தனை குழுவும் ஆகாயத்தில்! மேற்கொண்டு கைவசம் என்ன இருக்கிறது என்று சர்ச்சில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் தளபதி கீத் பார்க். சர்ச்சிலே பிற்பாடு தம் நூலில் இதை எழுதியிருக்கிறார்.

அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்தன என்று பத்திரிகைகள் முழங்கின. யுத்தத்துக்குப் பின் ஜெர்மன் ஏடுகளைப் பார்த்தபோது உண்மையில் சுமார் 60 என்று தெரிந்தது. யுத்த காலத்துக் கணக்குகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த அறுபதே போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 17-ந் தேதி, இங்கிலாந்தின் மீது படையெடுப்பதை ஹிட்லர் காலவரையறை இல்லாமல் ஒத்திப் போட்டார்.

அந்தச் சில மாதப் போரில் கலந்துகொண்ட நேசநாட்டு விமானப் படையினர் மூவாயிரத்துக்குச் சற்றே குறைவு; அவர்களில் 544 பேர் மாண்டார்கள். டவுடிங்கின் மகன் டெரெக்கும் அந்த விமானிகளில் ஒருவன். நல்ல வேளையாகப் பிழைத்தான். தகப்பனார் ஒவ்வொரு நாளும் மேஜையின் மேல் நகர்ந்த வில்லைகளைப் பார்த்தபோது மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இத்தனையும் செய்த டவுடிங்குக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1940 நவம்பரில் அவரைப் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள். டிசம்பரில் கீத் பார்க்கும் மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு விமான இலாகா இந்தப் போரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அதில் டவுடிங்கின் பெயரே இல்லை! சர்ச்சிலுக்கே கோபம் வந்துவிட்டதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

இனி உலகத்தின் மறுபக்கத்துக்குப் போவோம். 1941 டிசம்பர் 7, இதுவும் ஞாயிற்றுக்கிழமை. பசிபிக் சமுத்திரத்தில் ஹவாய்த் தீவு. ஒபானா என்ற குன்றின் மேல் அமெரிக்க ராணுவத்தின் ராடார் ஒன்று இருந்தது. லாக்கார்டு, எலியட் என்ற இரண்டு சிப்பாய்கள் காவல். காலை 7 மணிக்கு வேலை முடிந்துவிட்டது. அவர்களைக் காலை ஆகாரத்துக்கு அழைத்துப் போக வேண்டிய வண்டி வரத் தாமதம். "சும்மா இருப்பானேன், பழகிக் கொள்ளலாமே" என்று கருவியை அணைக்காமல் வைத்திருந்தார்கள்.

7 மணி 2 நிமிஷம். திரையில் பெரிய வெட்டு ஒன்று எழும்பியது. அவ்வளவு பெரியதை அவர்கள் அதுவரை கண்டதே இல்லை. தூரம் 132 மைல். முதல் அலையில் வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் 183!

சிப்பாய்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். செய்தி நிலையத்துக்கு டெலிபோன் செய்தார்கள். ஆனால் அங்கே மேஜையைச் சுற்றி நிற்க வேண்டியவர்கள் ஆகாரத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தவர் கெர்மிட் டைலர் என்ற இளம் லெப்டினண்ட். அந்த வேலைக்கு அவர் வந்தது அதுதான் இரண்டாம் தடவை. என்ன செய்வது என்று அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. அன்று காலை அமெரிக்காவிலிருந்து சொந்தக் குண்டு விமானங்கள் சில வரவேண்டியிருந்தன. அவையாகத்தான் இருக்கும் என்று எண்ணினார். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

7 மணி 55 நிமிஷத்துக்குப் பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. அன்று மாண்ட அமெரிக்கர்கள் 2,403 பேர்.

டவுடிங் கால் மணி நேரத்துக்காக நாலு வருஷம் தவம் கிடந்தார். இங்கே கையில் 53 நிமிஷம் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. காதுதான் இல்லை. டைலரைப் பின்னால் விசாரித்தவர்கள் அவர் மீது குற்றம் சாட்டவில்லை. குற்றம் ஒரு மனிதருடையது அல்ல; ஏற்பாடு இல்லாததுதான் குற்றம்.

இந்தக் கதை நமக்கும் எட்டாத தூரத்தில் நிற்கவில்லை. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே கடற்படை 1942 ஏப்ரலில் வங்காள விரிகுடா ஓரத்துக்கு வந்தது. இலங்கைக்குத் தெற்கே அது வருவதை ஏப்ரல் 4-ந் தேதி லியனார்டு பர்ச்சால் என்ற கனடிய விமானி கண்டு, தம் விமானம் சுடப்படுமுன் தந்தியில்லாக் கம்பி மூலம் சொல்லியும்விட்டார். அப்படியும் மறுநாள் காலை கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ரத்மலானையில் போர் விமானங்கள் தரையை விட்டு எழும்பவில்லை. ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலடிக்கு ஓடினார்கள். சர்க்கார் ஆபீஸ்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. அந்த நாளைக் கண்ட பாட்டிமார் சொல்லிக் கேட்ட குடும்பங்கள் இன்னும் எத்தனையோ உண்டு.

ராத்திரியும் காரட்டும்

ராடார் எல்லோரையும் காப்பாற்றிவிட்டதா? இல்லை. பகலில் தோற்ற ஜெர்மானியர் இரவில் வந்தார்கள். கரைக்கு உள்ளே ராடார் பார்க்காது. பார்வையாளர்களுக்கு இருட்டில் கண் தெரியாது. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை குண்டு வீச்சில் பிரிட்டனில் 40,000-க்கும் மேற்பட்ட பொது ஜனங்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். ஒரு கதவைப் பூட்டினால் யுத்தம் வேறு கதவைத் தட்டும். இதுவும் ஒரு பாடந்தான்.

பிறகு விமானத்துக்குள்ளேயே வைக்கத்தக்க சிறு ராடார் வந்தது. ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி இருட்டில் எதிரி விமானங்களை வீழ்த்தத் தொடங்கினார். "பூனைக் கண்" என்று அவருக்குப் பட்டப் பெயர். ரகசியம் வெளியே தெரியக் கூடாதே! நிறையக் காரட் சாப்பிடுவதால் அவருக்குக் கண் பார்வை கூர்மை என்று செய்தி பரப்பினார்கள். அப்போது சர்க்கரைக்கு ரேஷன். காரட்டோ குவிந்து கிடந்தது. தாய்மார்களும் குழந்தைகளுக்குக் காரட்டாகச் சமைத்துப் போட்டார்கள். ஜெர்மானியர் இதை நம்பினார்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லை. குழந்தைகள் நம்பினார்கள், அதுவரை லாபம்!

இன்றைய மேஜை

இப்போது ஆளில்லாத டிரோன் விமானங்களின் காலம். 2022-ல் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த பின், அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து "ஷாஹெத்" என்ற மலிவு டிரோன்கள் கூட்டம் கூட்டமாக ஏவப்பட்டன. ஒன்றின் விலை சில பத்தாயிரம் டாலர். அதை வீழ்த்தும் உயர்ந்த ரக ஏவுகணை ஒன்றுக்கு முப்பது நாற்பது லட்சம் டாலர்! கொசுவை அடிக்க வெள்ளிச் செம்பை எறிகிற கதைதான். அதனால் உக்ரேனியர் என்ன செய்தார்கள்? ஆயிரக்கணக்கான ஒலிவாங்கிகளைக் கம்பங்களில் கட்டி, டிரோன்களின் இரைச்சலைக் கேட்டு அவை போகும் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். டெஞ்ச் சுவரோடு போய்விட்டதாக நினைத்த காது திரும்பி வந்துவிட்டது! கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி, இந்தத் திசையில் டிரோன் போகிறது என்று பொது ஜனங்களே சொல்லவும் வழி செய்திருக்கிறார்கள். பழைய பார்வையாளர் படை புது உருவில்!

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்டபோது, மே 8-ந் தேதி இரவு 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 டிரோன்கள் வரை வந்ததாக நம் அரசு தெரிவித்தது. பல இடத்து ராடார்கள் காண்பதை ஒரே படமாகத் தொகுத்துக் காட்டும் ஒருங்கிணைந்த ஏற்பாடுதான் அவற்றைச் சமாளிக்க உதவியது என்றும் சொன்னது. மேஜைக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. கோலுக்குப் பதில் கணக்கு யந்திரம். ஆனால் தத்துவம் டவுடிங்குடையது. அந்த நாட்களில் தேசத்துக்கு விவரம் சொல்ல முன்னால் வந்து அமர்ந்த படை அதிகாரிகள் இருவரும் பெண்கள்: கர்னல் சோபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங். 1940-ல் மேஜையைச் சுற்றி நின்ற பெண்கள் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்கள்.

யுத்தத்தின் பாடங்கள் யுத்தத்துக்கு மட்டும் உரியவை அல்ல. "என்னவோ காஸ் வாசனை வருகிற மாதிரி இருக்கிறதே" என்று வீட்டில் ஒரு சின்னக் குழந்தை சொல்கிறது. "ஒன்றும் இராது, போ" என்று சொல்லிவிட எத்தனை நேரமாகும்? பார்க்கிறவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். கேட்கிறவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கடைசியாக, நாம் தொடங்கிய வெந்நீர்க் கணக்குக்கு வருவோம். 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டல், பூட் என்ற இருவர், ராடாருக்காக மிகச் சக்தி வாய்ந்த அலையை உண்டாக்கும் "மாக்னெட்ரான்" குழாய் ஒன்றைச் செய்தார்கள். அந்தக் குழாய் அமெரிக்கா போயிற்று. அங்கே பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற எஞ்சினியர், அது வேலை செய்யும்போது பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்த மிட்டாய் இளகிப் போயிற்று! 1945-ல் அவர் ஒரு புது வித அடுப்புக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுப் போட்டார். அதுதான் மைக்ரோவேவ் அடுப்பு.

ஆகவே, ரேடியோ அலையால் எட்டு பைண்டு தண்ணீரைச் சூடாக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, "பேஷாக முடியும்" என்பதுதான். ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அல்ல. அரை அடி தூரத்தில். அதுவும் யாரையும் காய்ச்சலில் தள்ளுவதற்காக அல்ல. குழந்தைக்குப் பால் காய்ச்சுவதற்காக!